ஒலிபெருக்கி மர்சூக் நேர்காணலுக்குப் போன கதை

கரக் ஊரில் மர்சூக்குக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. மைக்குக்குத்தான் மர்சூக் தேவைப்பட்டார். கோட்டைச் சுவருக்குக் கீழே எவன் வீட்டில் கல்யாணம் என்றாலும், எவன் செத்தாலும், எவன் லாரியை எவன் ஆட்டுமந்தைக்குள் விட்டாலும், முதலில் விருந்துக்கு ஆடு சொல்லிவிடுவார்கள், அடுத்து மர்சூக்குக்குச் சொல்லிவிடுவார்கள். ஆடு கிடைக்காவிட்டால் கோழியை வைத்துச் சமாளிக்கலாம். மர்சூக் கிடைக்காவிட்டால் முடிதிருத்தும் கடை ஷிப்லிதான் பேசுவார். அதற்கு யாருமே பேசாமல் இருந்துவிடலாம் என்பது ஊரின் தீர்மானம்.

மர்சூக் உப்புக் கடலோரத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டியவர். ஒரு கோடையில் பஸ்ஸில் ஏசி நின்றுபோனது. ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள் என்றது நிர்வாகம். ஜன்னலைத் திறந்தால் அடுப்பு வாயைத் திறந்த மாதிரி இருந்தது. மர்சூக் மலைச் சரிவில் பாதி வழியில் வண்டியை நிறுத்தி, படியில் ஏறி நின்று பேசினார். தனக்கு இப்படி ஒரு தொண்டை இருப்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. தொழிலாளிகள் கைதட்டினார்கள். அதட்ட வந்த மேலாளரும் நின்று கேட்டுவிட்டுக் கைதட்டினார். ஏசி வந்தது. நியாயம் வென்றது என்று சங்கம் நோட்டீஸ் போட்டது. வென்றது தொண்டை. நியாயம் அதற்கு முந்தைய கோடைகளிலும் அதே பஸ்ஸில்தான் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அன்று பிடித்த பேச்சு பிறகு அவரை விடவில்லை. அவருடைய துக்கக் கூடாரப் பேச்சைக் கேட்டால் செத்தவனே எழுந்து வந்து, "யாரைப் பத்திப்பா பேசுறாங்க? நல்ல மனுசனா இருப்பான் போலிருக்கே" என்று விசாரிப்பான். விபத்துத் தகராறில் சமாதானம் பேசப் போனால், அடிபட்டவன் கட்டுப்போட்ட கையோடு மோதியவனிடம் மன்னிப்புக் கேட்பான். ஒரு தேர்தலில் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி இருவர் எதிரெதிரே நின்றார்கள். ஒரே சாயங்காலம் இருவர் கூடாரத்திலும் மர்சூக் ஒரே பேச்சைப் பேசினார், பெயரை மட்டும் மாற்றி. இருவரும் தோற்றார்கள். இருவரும் பேச்சு அருமை என்றார்கள்.

ஆனால் அவருடைய கொடி உயரப் பறந்தது ஜாஹாவில்தான். பெண் கேட்டுப் போகும் ஆண்கள் கூட்டத்துக்குத்தான் எங்கள் பக்கம் ஜாஹா என்று பெயர். பெண் வீட்டார் சின்னக் கிண்ணத்தில் காப்பி ஊற்றி முன்னால் வைப்பார்கள். அதைத் தொடக் கூடாது. வந்தவர்களில் ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். பெண் வீட்டுப் பெரியவர் யோசிப்பதுபோல் யோசித்துவிட்டு, "காப்பியைக் குடிங்க" என்பார். அதுதான் சம்மதம். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை காப்பி ஆறியிருக்கிறது என்பது அந்தக் கல்யாணங்களில் பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஒருமுறை மாப்பிள்ளையின் தாய்மாமன், கூட்ட நெரிசலில் நாக்கு வறண்டு, மர்சூக் பேச்சின் நடுவில் கிண்ணத்தை எடுத்துக் குடித்துவிட்டார். மர்சூக் அப்படியே நிறுத்தினார்.

"எழுந்திரிங்க எல்லாரும். வெளிய போங்க."

"ஏன் அபூ லுவாய், ஒரு வாய் காப்பிதானே?" லுவாயின் அப்பா என்று மகன் பெயரால்தான் ஊர் அவரைக் கூப்பிடும்.

"கேக்க வந்தவன் குடிக்க மாட்டான். குடிச்சவன் கேக்க வந்தவன் இல்ல, விருந்தாளி. விருந்து முடிஞ்சுது. செருப்பைப் போடுங்க."

மொத்தக் கூட்டமும் மலைக்காற்றில் தெருவில் போய் நின்றது. மறுபடி கதவைத் தட்டி, மறுபடி வரவேற்கப்பட்டு, மறுபடி உட்கார்ந்தது. மர்சூக் பேச்சை முதலிலிருந்து தொடங்கினார். தாய்மாமன் தன் கைகள் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். முந்திக் குடித்தால் வெளியே போய்த் திரும்பி வர வேண்டும் என்பது அதற்குப் பிறகு ஊரில் சட்டமாகிவிட்டது.

அவருக்கு வராத வித்தை ஒன்று இருந்தது. கேள்விக்குப் பதில் சொல்வது. வட்டார வானொலி ஒருமுறை அவரைப் பேட்டி எடுக்க அழைத்தது. மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பேட்டி எடுத்த பெண், "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள். மர்சூக் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கோதுமை இந்த மண்ணுக்கு வந்த வரலாறு" என்று தொடங்கினார். விதைப்பு முடிந்து அறுவடைக்கு வருவதற்குள் தொழுகை அழைப்பு நேரம் வந்துவிட்டது. அவர் என்ன சாப்பிட்டார் என்பது இன்றுவரை நேயர்களுக்குத் தெரியாது.

மனைவி அமீனா இறந்தபின் வீட்டில் அவர் தனி. மகன் லுவாய் வளைகுடாவில். ஊரெல்லாம் பேசிவிட்டு வீடு திரும்பினால் அவர் பேச்சுக்கு எதிரில் குளிர்சாதனப் பெட்டிதான் உண்டு. அதுவும் நடுநடுவே உறுமும், நின்றுவிடும்.

இந்த நிலையில்தான் ரொட்டிக் கடை வரிசையில் நூஃபா அவரைப் பிடித்தாள். அரசு மருத்துவமனை ஒன்றில் வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவில் காலமெல்லாம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். மேசையின் ஓரத்தில் இருந்து கடைசிக் கேள்வி கேட்பது அவள்தான். மற்றவர்கள் படிப்பு, அனுபவம் என்று கேட்டு முடித்ததும், "நீங்க எங்ககிட்ட எதாவது கேக்கணுமா?" என்பாள். அந்தக் கேள்வியில் டாக்டர்கள்கூட உளறியிருக்கிறார்கள். அவளும் விதவை. தம்பி அவ்னியின் வீட்டு மாடியில் குடியிருந்தாள்.

"அபூ லுவாய், என் வீட்டுக்காரர் செத்தப்போ நீங்கதானே கூடாரத்துல பேசினீங்க?"

"ஆமாம். உங்க கணவர், இறைவன் அவருக்குக் கருணை காட்டட்டும், வள்ளல் தன்மையின்…"

"அதேதான். பெண்கள் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். அவ்வளவு நல்லவர் ஒருத்தர் ஊர்ல இருந்திருக்கார், எனக்குத்தான் யாரும் கட்டிவைக்கல."

வரிசையே சிரித்தது. மர்சூக்கின் பேச்சை அதுவரை எவரும் திருப்பி அடித்ததில்லை. ரொட்டியை வாங்காமலே வீட்டுக்குப் போனார். மறுநாளிலிருந்து அவள் ரொட்டி வாங்கும் நேரமே அவருக்கும் பசிக்கும் நேரமானது. குளிர்காலம் முடிவதற்குள் அவருக்கு விஷயம் உறுதியாகிவிட்டது. இந்தப் பெண் வீட்டுக்கு வந்தால் வாழ்க்கை. வராவிட்டால் குளிர்சாதனப் பெட்டி.

அவ்னிக்கு வீட்டுக்குக் கீழேயே காப்பிக்கொட்டை வறுக்கும் கடை. மர்சூக் அங்கே போய் நின்று, நான்கு வாடிக்கையாளர்கள் வந்து போகும்வரை சுற்றி வளைத்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"ஜாஹா கூட்டிட்டு வரேன் தம்பி."

"வாங்கண்ணே, சந்தோசம். யார் பேசுவா?"

"நான்தான். எனக்காக ஷிப்லியைப் பேசவிட்டா உங்க அக்கா மாடியிலேர்ந்து குதிச்சிருவாங்க."

அவ்னி மாடிக்குப் போய்விட்டு இறங்கிவந்தான். முகம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

"அக்கா ஜாஹா வேண்டாம்னு சொல்லிட்டாங்க அண்ணே."

மர்சூக் வாசல் பக்கம் திரும்பினார்.

"கல்யாணம் வேண்டாம்னு சொல்லல. ஜாஹா முதல்ல வேண்டாமாம். நேர்காணலாம். வியாழக்கிழமை சாயங்காலம், அஸர் தொழுகைக்கு அப்புறம். தேறினா ஜாஹா."

வியாழக்கிழமைக்குள் மர்சூக் கண்ணாடி முன் மூன்று பேச்சுகள் தயார் செய்தார். ஒன்று உருக்கம். ஒன்று வீரம். மூன்றாவதில் உருக்கமும் வீரமும் கலந்து, நடுவில் ஒரு பழமொழி. கோட்டுக்கு இஸ்திரி போட்டார். புதுச் சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணி கட்டினார். வேலைக்கு விண்ணப்பித்த எந்த வார்டு பையனும் அப்படிப் போய் உட்கார்ந்ததில்லை.

மாடியில் நூஃபா எதிரில் உட்கார்ந்தாள். மூலையில் அவ்னி ஜபமாலையை உருட்டிக்கொண்டிருந்தான். அவள் ஏலக்காய் மணக்கக் காப்பியை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"இது ஜாஹா இல்ல, அபூ லுவாய். ஆனா காப்பி காப்பிதான். நான் சொன்னப்புறம் குடிங்க."

"இந்தச் சட்டத்தை ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்."

"நல்லது. இன்னொரு சட்டம். ஒரு கேள்விக்கு ஒரு வாக்கியம்."

"வாக்கியம்னா எவ்வளவு நீளம்?"

"ஒரு மூச்சுன்னு சொல்லலாம்னு பாத்தேன். உங்க மூச்சு எனக்குத் தெரியும். சின்ன வாக்கியம்."

அவ்னியின் ஜபமாலை ஒரு கணம் நின்று மறுபடி உருண்டது.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

மர்சூக் திகைத்தார். மூன்று பேச்சிலும் இதற்கு இடமில்லை. "மனுசன் ரொட்டியால மட்டும் வாழல. நம்ம முன்னோர்கள் கோதுமையை…"

நூஃபா ஒரு விரலைத் தூக்கினாள். அந்த விரலுக்கு முன்னால் பெரிய பெரிய டாக்டர்கள் வாயை மூடியிருக்கிறார்கள்.

"வானொலியில கேட்டுட்டேன். இன்னும் அறுவடை முடியலையா?"

"இல்ல, அது வந்து…"

"பரவால்ல. அடுத்தது. அமீனாவுக்கு என்ன பிடிக்கும்?"

"அமீனா," என்று அவர் குரலைத் தாழ்த்தினார், துக்கக் கூடாரத்தில் தாழ்த்துவதுபோல். "பொறுமையின் மலை. விருந்தோம்பலின் ஊற்று. அவங்க விட்டுட்டுப் போன இடம்…"

"அபூ லுவாய். அது கூடாரம். நான் கேட்டது வீடு. அவங்களுக்கு என்ன பிடிக்கும்?"

மர்சூக் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மலைச் சரிவில் பஸ்ஸை நிறுத்திய நாளிலிருந்து இப்படி ஆனதில்லை. பெரிய வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒன்றுகூட அமீனா மாதிரி இல்லை.

"அவ சொன்னதில்ல," என்றார் கடைசியில்.

"நீங்க கேட்டீங்களா?"

தொண்டை வறண்டுவிட்டது. கை தானாக நீண்டது. கிண்ணத்தை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். குடித்து, மேசையில் வைத்து, கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த வண்டலைப் பார்த்தபிறகுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது.

"போச்சு," என்றான் அவ்னி மூலையிலிருந்து.

நூஃபா கிண்ணத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "குடிச்சவன் யாரு அபூ லுவாய்? நீங்கதான் ஊருக்குச் சொல்லுவீங்களே."

அவர் வாதாடிப் பார்த்திருக்கலாம். அவரிடம் அதற்கும் சரக்கு உண்டு: குடிப்பது சம்மதத்துக்குப் பின்தானே, நான் குடித்துவிட்டேன், ஆகவே நீங்கள் சம்மதித்தாயிற்று. தொழிற்சாலை நிர்வாகத்திடம் இதைவிட மோசமான வாதத்தை வைத்து ஜெயித்திருக்கிறார். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார்.

"விருந்தாளி," என்றார்.

எழுந்தார். படி இறங்கினார். வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் போய் நின்றார். கதவு பின்னால் சாத்திக்கொண்டது.

எதிர்ச்சாரியில் ஷிப்லியின் கடை. சவரக் கத்தியோடு ஷிப்லி வெளியே வந்தார். நாற்காலியில் நுரை பூசிய ஒரு முகம் பாதியில் காத்திருந்தது.

"என்ன அபூ லுவாய், கோட்டெல்லாம் போட்டு? ஜாஹாவா?"

"ம்."

"ஆளுங்க எங்க?"

"நான்தான்."

"ஒத்தை ஆள் ஜாஹாவா? இத பாரு, பேசறதுக்கு ஆள் வேணும்னா சொல்லு. என்கிட்ட புதுசா ஒண்ணு இருக்கு, பாட்டோட சேத்து…"

ஷிப்லிக்குப் பயம் வந்துவிட்டது. மர்சூக் பேசாமல் நிற்பதை அவர் பார்த்ததே இல்லை. "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு, நெற்றியில் நுரைக் கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. தலையை ஆட்டிக்கொண்டு கடைக்குள் போய், நுரை முகத்திடம் ஏதோ சொன்னார். நுரை முகமும் எட்டிப் பார்த்தது.

தெருமுனையில் ஒரு வண்டிக்காரன் வறுத்த விதை விற்றுக்கொண்டிருந்தான். தர்பூசணி விதை, உப்புப் போட்டது. வாசனை வந்தது. மர்சூக் அந்தப் பக்கம் திரும்பினார். பிறகு நெற்றியில் இருந்த நுரையைத் தலைத்துணியின் நுனியால் துடைத்துக்கொண்டு கதவைத் தட்டினார்.

"யாரு?" நூஃபாவின் குரல்.

"மர்சூக்."

அவர் இந்த அளவு சுருக்கமாகப் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை. கதவு திறந்தது. பழைய இடத்தில் உட்கார்ந்தார். வேறு கிண்ணம் வந்தது, காப்பி வந்தது. அவர் கைகளைத் தொடைக்கு அடியில் கொடுத்துக்கொண்டார், அந்தப் பழைய தாய்மாமன் மாதிரி.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல. பயத்துல இறங்கல."

நூஃபாவின் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. "அமீனாவுக்கு?"

"தர்பூசணி விதை, வறுத்தது. பஸ்ஸை விட்டுட்டு வந்தா, எப்படி இருக்கீங்கன்னு கேக்கறதுக்கு முன்னாடி என் சட்டைப் பையைத்தான் தடவுவா."

அது ஒரு வாக்கியம் அல்ல, இரண்டு. நூஃபா விரலைத் தூக்கவில்லை. ஜபமாலை நின்றுபோயிருந்தது.

"எதுக்குக் கல்யாணம்?"

மூன்று பேச்சும் அவர் தலைக்குள் எழுந்து நின்று கைகூப்பின. உட்காருங்கள் என்றார் அவற்றிடம்.

"வீட்டுக்குப் போனா யாரும் என்கிட்ட எதுவும் கேக்கறதில்ல."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். ஒரு கூட்டத்தின் முன்னால் இதைச் சொல்லியிருந்தால் குரல் நடுங்குவதுபோல் செய்திருப்பார். இப்போது செய்யாமலே நடுங்கியது.

நூஃபா காப்பிக் கெண்டியின் மூடியைத் திறந்து பார்த்து மூடினாள். வேண்டியதில்லாத வேலை. மருத்துவமனையில் முடிவு எடுக்கும்முன் பேனாமூடியைக் கழற்றி மாட்டுவாள் என்று சொல்வார்கள்.

"சரி, முடிஞ்சுது. வர்றவங்க எல்லார்கிட்டயும் கடைசியா ஒண்ணு கேப்பேன். நீங்க எதாவது கேக்கணுமா?"

மர்சூக் வாழ்க்கையில் எத்தனையோ கேட்டிருக்கிறார்: ஓட்டு, மன்னிப்பு, மற்றவர்களுக்குப் பெண், பஸ்ஸுக்கு ஏசி. கேள்வி கேட்டதில்லை. கூட்டத்தைப் பார்த்து, "நான் கேட்கிறேன்" என்று கர்ஜித்த இடங்களில்கூடப் பதிலையும் தானே சொல்லிவிடுவார். இப்போது தலையை நிமிர்த்தினார்.

"உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

கேட்டுவிட்டு நிறுத்தினார். பின்னால் ஒரு பழமொழிகூடச் சேர்க்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார். அவ்னி பிறகு கடையில் சொன்னான், அந்த மனிதர் காத்திருந்ததைப் பார்க்கத்தான் மூச்சை அடக்கிக்கொண்டேன் என்று.

"பிடிக்கறது நிறைய இருக்கு, மெதுவா சொல்றேன்," என்றாள் நூஃபா. "பிடிக்காதது ஒண்ணு இப்பவே சொல்லிடறேன். காப்பி ஆறக் கூடாது. குடிங்க."

மர்சூக் கையை எடுக்கவில்லை.

"என்ன?"

"சரியா காதுல விழுந்துதான்னு…"

"காப்பியைக் குடிங்க, அபூ லுவாய். மூணாவது தடவை ஊத்த என்கிட்ட கொட்டை இல்ல. தம்பி கடையிலேயே விலை கூட."

குடித்தார். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுப்பதுதான் வழக்கம். மர்சூக் ஆட்டவில்லை. கொட்டை இல்லை என்றவளே கெண்டியில் மிச்சமிருந்த காப்பியை மறுபடி ஊற்றினாள்.

ஊருக்காக ஜாஹா பிறகு முறையாக நடந்தது. மாப்பிள்ளையே தனக்காகப் பேசக் கூடாது என்று நூஃபா சொல்லிவிட்டாள். ஷிப்லி பேசினார். பாட்டோடு சேர்த்துத்தான் பேசினார். நடுவில் துக்கக் கூடாரப் பழக்க தோஷத்தில், "நம்மை விட்டுப் பிரிந்த அன்பர் மர்சூக்" என்று ஒரு இடம் வந்தது. கூட்டம் மாப்பிள்ளையைப் பார்த்தது. மாப்பிள்ளை வாயைத் திறந்தார். தலையிலிருந்து ஒரு முழுப் பேச்சு இறங்கி நாக்குக்கு வந்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

பெண்கள் இருந்த அறையிலிருந்து ஒரு இருமல் கேட்டது.

மர்சூக் வாயை மூடிக்கொண்டு, தன் முன்னால் இருந்த காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.